மாஸ்க் உள்ளே பனி, மூக்கடியில் கசிவு: தீவுக்குக் கிளம்பப் பத்து நாள்தான், உதவுங்க

கரைநண்டு:
மூணு ராத்திரி, ஒரு சின்னத் தீவு. ஏழு கிலோ கைப்பை மட்டும்தான், செக்-இன் லக்கேஜ் கிடையாது. படகு டூருக்குப் பட்ஜெட் இல்லை. சொந்த மாஸ்க், ஸ்நார்கலோட (வாயால மூச்சு விடுற குழாய்) கரையிலிருந்தே இறங்கிப் பவளப்பாறை பார்க்கணும். நீச்சல் குளத்துல போட்டுப் பார்த்தா ரெண்டே நிமிஷத்துல கண்ணாடி வெள்ளையா மூடிக்குது. மூக்குக்குக் கீழ தண்ணி கசியுது, ஸ்ட்ராப்பை எவ்வளவு இறுக்கினாலும் நிக்கல. மீசை இருக்கு. ரெண்டு கண்ணுக்கும் பவர் -2.5. வேற மாஸ்க் வாங்கணுமா? சன்ஸ்கிரீன் எவ்வளவு எடுத்துக்கணும்?

பாறைமீன்:
இறுக்கினதாலதான் கசியுது. முகத்துல ஒட்டுற சிலிகான் விளிம்பு மெல்லிசு. ஸ்ட்ராப் இழுக்க இழுக்க அது மடங்கி, மடிப்பு வழியா தண்ணி வரும். தண்ணிக்குள்ள போனதும் வெளி அழுத்தமே மாஸ்க்கை முகத்தோட சேர்த்துப் பிடிச்சுக்கும். ஸ்ட்ராப்போட வேலை, நழுவாம பார்த்துக்கிறது மட்டும்தான்.

முதல்ல ஸ்ட்ராப்பை முன்பக்கம் தள்ளிட்டு மாஸ்க்கை வெறுமனே முகத்துல வைங்க. மூக்கால லேசா உள்ளிழுத்து, மூச்சைப் பிடிச்சுக்கிட்டு கையை எடுங்க. விழாம நின்னா அளவு சரி, புதுசு வேண்டாம். உடனே விழுந்தா, எங்கேயிருந்து காத்து வருதுன்னு கவனிங்க. உங்களுக்கு மூக்கடின்னா காரணம் மீசை. முழுசா எடுக்க வேண்டாம். மூக்குக்கு நேர் கீழ, விளிம்பு உட்கார்ற இடத்துல மட்டும் அரை செ.மீ. பட்டையா மழிச்சா போதும். ஸ்ட்ராப் காதுக்கு மேல, பின்மண்டை புடைப்புல உட்காரணும். கழுத்துப் பக்கம் இறங்கினா விளிம்பு முகத்துல சீரா ஒட்டாது. நெத்தி முடி ஒண்ணு ரெண்டு உள்ள மாட்டினாலும் கசியும்.

அப்படியும் கொஞ்சம் வரும். அண்ணாந்து பார்த்து, மாஸ்க்கோட மேல்சட்டத்தை ஒரு விரலால அழுத்திக்கிட்டு மூக்கால ஊதினா தண்ணி கீழ வழியா வெளியேறிடும். கிளம்புறதுக்கு முன்ன குளத்துல இதைப் பத்து தடவையாவது பழகிடுங்க. ஆழத்துல போய்க் கத்துக்கிற விஷயம் இல்லை இது.

உப்புத்துளி:
பனிக்கு என் பதில். புது மாஸ்க் கண்ணாடியோட உள்பக்கம் தயாரிப்பிலேயே ஒரு சிலிகான் படலம் படிஞ்சிருக்கும். எச்சில் தடவினாலும் அதுல நிக்காது. கண்ணாடி ஓரத்துல ‘டெம்பர்டு’னு (கடினப்படுத்தின கண்ணாடி) அச்சடிச்சிருக்கான்னு பாருங்க. இருந்தா, வெள்ளை டூத்பேஸ்ட்டை (ஜெல் கூடாது) உலர்ந்த கண்ணாடியில விரலால ரெண்டு நிமிஷம் அழுத்தித் தேய்ச்சுக் கழுவுங்க. மூணு நாலு தடவை செய்யணும். பிளாஸ்டிக் லென்ஸ்னா பேஸ்ட் கிட்டவே போகாதீங்க, கீறல் விழும்.

கடற்கரையில வேற வேலை. குழந்தை ஷாம்பு ஒரு சொட்டு உள்பக்கம் தடவி, ஒரே முறை கடல் தண்ணியில அலசுங்க. மாஸ்க்கை வெயில்ல காய வைக்காதீங்க. முகத்தையும் இறங்குறதுக்கு முன்ன தண்ணியால நனைச்சுக் குளிர வைங்க. சூடான முகம், குளிர்ந்த கண்ணாடி, இதுதான் பனிக்கு மூலம். மூக்கால மூச்சு விட்டா எந்த ஷாம்பும் காப்பாத்தாது.

-2.5க்குக் கண்ணாடி இல்லாம 40 செ.மீ. வரை தெளிவா தெரியும். தண்ணிக்குள்ள பொருள் முக்கால் தூரத்துல இருக்கிற மாதிரி தெரியுறதால அரை மீட்டர் வரை கிடைக்கும், அவ்வளவுதான். பவர் லென்ஸ் மாத்திக்கிற மாஸ்க் 0.5 இடைவெளியில வருது, அதுல -2.5 எடுங்க. மூக்குக் கண்ணாடியை உள்ள போட்டா காம்பு விளிம்பைத் தூக்கிடும். கான்டாக்ட் லென்ஸோட இறங்க வேண்டாம், தொற்று ஆபத்து.

வெயில்காவடி:
சன்ஸ்கிரீன்: முழு உடம்புக்கு ஒரு பூச்சு 30 மி.லி. ஆகும், ரெண்டு மணிக்கு ஒரு தடவை திரும்பப் பூசணும். பெரும்பாலான விமான நிலையங்கள்ல கைப்பைல ஒரு புட்டிக்கு உச்சவரம்பு 100 மி.லி. அதாவது ஒரு புட்டிக்கு மூணே பூச்சு. அதனால முழுக்கை நீச்சல் சட்டையும் கணுக்கால் வரை லெகிங்ஸும் எடுங்க. குப்புற மிதக்கும்போது கருகுறது முதுகும் முழங்கால் பின்பக்கமும்தான். முகம், கழுத்து, கை, பாதத்துக்கு 100 மி.லி. தாராளம். நெத்தியிலும் மேலுதட்டிலும் விளிம்பு உட்கார்ற இடத்துல பூசாதீங்க. வழுக்கும், கண்ணும் எரியும். ஆக்ஸிபென்சோன்ங்கிற ரசாயனம் இல்லாததா பார்த்து வாங்குங்க. பவளத்துக்குக் கெடுதல்னு பலாவ் தீவு நாடு 2020லயும் ஹவாய் 2021லயும் தடை போட்டிருக்கு.

கரைநண்டு:
மழிச்சு, ஸ்ட்ராப்பை ரெண்டு பல் தளர்த்தினேன், கசிவு நின்னுடுச்சு. பனியும் இல்லை. நன்றி. இப்போ வேற சிக்கல். ஓத (கடல் ஏற்ற இறக்க) அட்டவணையில முதல் நாள் மதியம் 12:30க்கு 0.2 மீட்டர், மாலை 6:30க்கு 2.0, மறுநாள் காலை 7க்கு மறுபடி 2.0னு போட்டிருக்கு. மதியம் இறங்கவே முடியாதா?

ஓதக்கணக்கன்:
முடியாது. அமாவாசையையோ பௌர்ணமியையோ ஒட்டிப் போறீங்க போல, அட்டவணையைப் பார்த்தா அப்படித்தான் தெரியுது. அமாவாசை, பௌர்ணமி சமயம் கடல் ரொம்ப ஏறி ரொம்ப வத்தும். அஷ்டமியை ஒட்டின நாள்ல ஏற்ற இறக்கம் குறைவு, நீரோட்டமும் சாது. நல்ல காரியத்துக்கு ஆகாதுன்னு ஒதுக்குற திதிதான் ஸ்நார்கலுக்கு ராசி.

டிக்கெட் போட்டாச்சுன்னா இப்படிக் கணக்குப் போடுங்க. ஆறு மணி நேர ஏற்றத்தைப் பன்னிரண்டு பங்காக்கினா, மணிக்கு 1, 2, 3, 3, 2, 1 பங்குன்னு ஏறும். உங்களுக்கு மொத்தம் 1.8 மீட்டர், ஒரு பங்கு 0.15. அப்படின்னா 2:30க்கு 0.65, 3:30க்கு 1.1, 4:30க்கு 1.55 மீட்டர். நடுவுல உள்ள அந்த ரெண்டு மணி நேரம்தான் ஓட்டம் வேகம். 4:30க்கு இறங்கி 5:45க்கு ஏறிடுங்க, வெப்பமண்டலத்துல சட்டுன்னு இருட்டிடும். அதைவிட நல்லது மறுநாள் காலை 7 முதல் 9 வரை. காத்து அடங்கி இருக்கும். அடுத்தடுத்த நாள் சுமார் 50 நிமிஷம் தள்ளிப் போட்டுக்கோங்க.

அட்டவணை எண் உங்க காலடி ஆழம் இல்லை. அதுக்குத்தான் மதிய வற்றம் உதவும்: கரையில நின்னு எந்தப் பாறை வெளியே தலை நீட்டுது, மணல் வாய்க்கால் எங்கே ஓடுதுன்னு படம் எடுத்து வச்சுக்கோங்க. ஏற்றத்துல அந்த வாய்க்கால் வழியா போனா பவளத்தை மிதிக்காம உள்ளே போகலாம். ஆனா வத்தும்போது பாறைக்குள்ள இருக்கிற தண்ணியெல்லாம் அதே வாய்க்கால் வழியாத்தான் வெளியே ஓடும். 9 மணிக்கு மேல அதுல இருக்காதீங்க. இழுத்தா எதிர்த்து நீந்தாம பக்கவாட்டுல விலகுங்க. தனியா இறங்க வேண்டாம்.

பாறைமீன்:
கைப்பைல மாஸ்க்கை அடியில போட்டு நசுக்காதீங்க, சகோ. விளிம்பு ஒரு தடவை நெளிஞ்சா மறுபடி மூக்கடியில கசிய ஆரம்பிக்கும். உள்ள ரெண்டு ஜோடி காலுறையைத் திணிச்சு, துணிக்கு மேல வைங்க.