காலி செய்யும்போது வேண்டுமென்றே சேதப்படுத்திவிட்டுப் போன குடித்தனக்காரர்கள்: உங்கள் அனுபவம் என்ன?

குரோம்பேட்டை, மாடி போர்ஷன்

வீட்டை வாடகைக்கு விடும் எல்லாருக்கும் ஒரு தடவையாவது இந்தச் சந்தேகம் வந்திருக்கும். எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன், உங்களுடையதையும் எழுதுங்கள்.

நாங்கள் கீழ்வீட்டில் இருக்கிறோம். மாடியை ஒரு குடும்பத்துக்கு விட்டிருந்தோம். அக்ரிமென்ட் முடிந்து புதுப்பிக்கும் நேரத்தில் வாடகையைக் கூட்டிக் கேட்டோம், பேச்சு முற்றிவிட்டது. அதுவரை அக்கா, அண்ணா என்று பழகியவர்கள் அதற்கப்புறம் படியில் எதிர்ப்பட்டால்கூட முகம் கொடுக்கவில்லை. மாதக் கடைசியில் வண்டி வந்தது, சாமான் ஏற்றினார்கள், சாவியைக் கையில் கொடுத்து "அட்வான்ஸை அக்கவுண்ட்டில் போட்டுவிடுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

மேலே போய்ப் பார்த்தால் சமையலறை சிங்க்கில் ஊற்றிய தண்ணீர் அப்படியே நிற்கிறது. பிளம்பர் வந்து குச்சி விட்டுப் பார்த்தார், இறங்கவில்லை. கீழே இருந்த பிவிசி பைப்பை ரம்பத்தால் அறுத்தார். எண்ணெய்ப் பிசுக்கு, சோற்றுப் பருக்கை என்று எதுவும் இல்லை, உள்ளே சிமென்ட். எல்போ எப்படி வளைந்திருந்ததோ அதே வளைவில் உறைந்து கல்லாகிக் கிடந்தது, சுத்தியலால் தட்டி உடைத்தால் மணல் உதிர்ந்தது. இது தானாக வந்து சேர்கிற விஷயம் இல்லை. அடுத்து இரண்டு அறைகளில் ஸ்விட்ச் போர்டு வெறும் பெட்டியாக இருந்தது. ஸ்விட்சைக் கழற்றிக்கொண்டு போனால்கூட ஏதோ அவர்கள் காசு போட்டு மாற்றியது என்று விட்டுவிடலாம். ஆனால் ஒயரைக் குழாய்க்கு உள்ளே கட்டிங் பிளேயரை விட்டு ஒட்ட நறுக்கியிருந்தார்கள். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அதிலேயே புது ஸ்விட்ச் மாட்டிவிடலாம், உள்ளே நறுக்கினால் ஒயரை முழுக்க உருவிப் புதிதாக இழுக்க வேண்டும். அதைத் தெரிந்துதான் செய்திருக்கிறார்கள் என்று எலக்ட்ரீஷியன் சொன்னார். பாத்ரூம் பக்கம் இருந்த பழைய மொசைக் தரையில் ஆசிட் ஊற்றிய இடம் திட்டுத் திட்டாகப் பளபளப்பு போய்ச் சொரசொரவென்று இருந்தது.

என் கணவருக்கு வந்த கோபத்தில் அன்றைக்கே அவர்கள் புது வீட்டு வாசலுக்குப் போய் நின்றிருப்பார். போகவிடவில்லை. முதலில் வீட்டில் ஒரு பொருளையும் தொடாமல், தெருவில் நாலு பேருக்குத் தெரிந்த ஒரு கொத்தனாரை அழைத்து வந்து அறை அறையாகக் காட்டினோம். எங்களுக்கு வேண்டியவர் என்று யாரும் சொல்ல முடியாத ஆள் அவர். ஹாலில் டைல்ஸ் இரண்டு வரிசை கூரை மாதிரி எழும்பி உடைந்திருந்தது, பார்க்கிறவர்கள் எல்லாரும் சம்மட்டியால் அடித்திருக்கிறார்கள் என்றே சொன்னார்கள். அவர் உட்கார்ந்து பக்கத்து டைல்ஸை விரலால் தட்டினார், உள்ளே வெற்றிடம் இருக்கும் சத்தம் கேட்டது. இடைவெளியே விடாமல் நெருக்கி ஒட்டிய தரை, வெயிலில் விரிந்து போக இடமில்லாமல் எழும்பியிருக்கிறது, இதற்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை என்றார். படுக்கையறைச் சுவரில் பெயின்ட் உரிந்ததும் அப்படித்தான், பின்பக்கம் பாத்ரூம் கசிவு, உப்புப் பூத்திருக்கிறது. இந்த இரண்டையும் பட்டியலில் சேர்க்கவில்லை.

நான் இதில் அழுத்திச் சொல்ல நினைப்பது ஒன்றுதான். அவர்கள் மனசில் என்ன இருந்தது என்பதை நிரூபிக்க ஓடாதீர்கள். அட்வான்ஸில் கழிப்பதற்கு அது தேவையே இல்லை. வரும்போது வீடு எப்படி இருந்தது, போகும்போது எப்படி இருக்கிறது, நடுவில் உள்ள வித்தியாசம் புழங்கியதால் வந்த தேய்மானமா இல்லையா, இவ்வளவுதான் கேள்வி. சொத்து மாற்றுச் சட்டத்தின் 108ஆவது பிரிவு சொல்வதும் இதைத்தான்: நியாயமான தேய்மானம் போக, எடுத்த நிலையிலேயே திருப்பித் தர வேண்டும். வேண்டுமென்றா, கவனக்குறைவா என்ற பேச்சு அதில் வரவில்லை.

போட்டோ, பிளம்பர் பில், ஒயரிங் பில் எல்லாவற்றையும் வரிசையாக வைத்துக் கணக்கு எழுதி, மீதி அட்வான்ஸை ஒரு மாதத்துக்குள் அனுப்பிவிட்டோம். முதலில் வக்கீல் நோட்டீஸ் வந்தது. எங்கள் பதிலோடு அந்தச் சிமென்ட் எல்போவின் படமும் போனது. அதற்கப்புறம் அவர்கள் தரப்பிலிருந்து பேச்சே இல்லை.


கோவை, வடவள்ளிப் பக்கம்

மேடம், உங்களுக்குச் சாவியைக் கையில் கொடுத்தார்களே, அதுவே பெரிய விஷயம். எங்கள் வீட்டில் இரவோடு இரவாகக் காலி செய்து சாவியைப் பக்கத்து அப்பார்ட்மென்ட் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். நாங்கள் ஊரில் இல்லை. வந்து திறந்தபோது வெஸ்டர்ன் டாய்லெட் கோப்பை இரண்டாகப் பிளந்திருக்கிறது, மாடித் தண்ணீர்த் தொட்டியின் பைப் உடைந்து தண்ணீர் சுவர் வழியாக இறங்கி மரக் கதவு நிலை உப்பிப் போயிருக்கிறது.

ஸ்டேஷனுக்குப் போனோம். மனு வாங்கி, அதைப் பெற்றுக்கொண்டதற்கு சி.எஸ்.ஆர். என்ற ரசீது கொடுத்தார்கள், "இது சிவில் மேட்டர், பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்" என்றார்கள். கோபம் வந்தாலும் அதற்குக் காரணம் உண்டு என்று எங்கள் வக்கீல் விளக்கினார். 2024 ஜூலை 1 முதல் பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. அதில் 324ஆவது பிரிவுதான் சொத்தைச் சேதப்படுத்துவது. இருபதாயிரத்திலிருந்து ஒரு லட்சத்துக்குள் நஷ்டம் என்றால் இரண்டு வருடம் வரை, ஒரு லட்சமோ அதற்கு மேலோ என்றால் ஐந்து வருடம் வரை சிறை. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தப் பிரிவுக்குள் வர, நஷ்டம் உண்டாக்க வேண்டும் என்ற எண்ணமோ, உண்டாகும் என்று தெரிந்தே செய்ததோ இருக்க வேண்டும், அதைச் செய்தது இன்னார்தான் என்றும் காட்ட வேண்டும். எங்கள் விஷயத்தில் அவர்கள் போனதற்கும் நாங்கள் திறந்ததற்கும் இடையில் சாவி வேறு ஒருவர் கையில் இருந்தது. எதிர்த்தரப்பு வக்கீல் அந்த ஒன்றையே பிடித்துக்கொள்வார், வழக்கு அங்கேயே நின்றுவிடும் என்றார்.

குடியிருந்த அந்த ஆளின் வேலைதான் இது என்பதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை. போகும் வாரம் என் தம்பியிடம் போனில் "அந்த வீட்டை வைத்து நீங்கள் எப்படிச் சம்பாதிக்கிறீர்கள் என்று பார்க்கிறேன்" என்றே சொல்லியிருக்கிறார். வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தால் கையில் ஏதாவது இருந்திருக்கும், வாய்ப்பேச்சு காற்றோடு போயிற்று. அட்வான்ஸ் செலவுக்குப் பாதிகூடக் காணவில்லை.


திருச்சி, பிளம்பிங் எலக்ட்ரிக்கல் வேலை எடுத்துச் செய்பவன்

ஓனர்கள் எங்களைக் கூப்பிட்டவுடன் கேட்கிற முதல் கேள்வியே "உடைச்சிருக்காங்க பாருங்க, நீங்களே சொல்லுங்க" என்பதுதான். பாதிக்குப் பாதி அப்படி இருக்காது. நான் பார்த்த அளவில் சில அடையாளங்களைச் சொல்கிறேன்.

போர்த் தண்ணீர் உப்பாக இருக்கிற ஏரியாவில் டேப் கழன்று வந்தால் மரையைப் பாருங்கள். வெள்ளைப் படிவு ஏறி, உலோகம் அரித்து மெலிந்திருந்தால் அது காலம் தின்றது. ரெஞ்ச் பல் பதிந்து, முறிந்த இடம் புதிதாக மின்னினால் கை பட்டிருக்கிறது. டாய்லெட் கோப்பை அடியிலிருந்து மயிரிழையாக விரிசல் ஏறினால் பெரும்பாலும் சிமென்ட் போட்டு இறுக்கி உட்கார வைத்த வேலையின் கோளாறு. நடுவில் ஒரு புள்ளி, அதைச் சுற்றிக் கதிர்க் கதிராக விரிசல் என்றால் மேலே ஏதோ விழுந்திருக்கிறது, இல்லை அடித்திருக்கிறார்கள். விழுந்ததா அடித்ததா என்று யாராலும் சொல்ல முடியாது, என்னைக் கேட்டால் நானும் எழுதித் தர மாட்டேன். கோவை சார் வீட்டுக் கோப்பையை நான் பார்க்கவில்லை, ஆனால் தொட்டி பைப்பைத் தூக்கிப் போடவில்லை என்றால் அறுபட்ட முனையை ஒருவரிடம் காட்டுங்கள், ரம்பம் பட்டதா வெயிலில் நொறுங்கியதா என்பது தெரியும்.

மோட்டார் எரிந்தால் உடனே சண்டை வரும். சம்ப்பில் தண்ணீர் இல்லாமல் ஓடியிருக்கும், அல்லது வோல்டேஜ் இறங்கியிருக்கும், யாரும் வேண்டுமென்று எரிப்பதில்லை. பாத்ரூம் கண்ணாடிக் கதவு நடுராத்திரி வெடித்துப் பொடிப் பொடியாகக் கொட்டியது என்று ஒரு குடித்தனக்கார அம்மா அழுதார், ஓனர் நம்பவே இல்லை. டஃபன்ட் (சூடேற்றிக் கடினமாக்கிய) கண்ணாடியில் தயாரிக்கும்போதே நிக்கல் சல்பைடு துகள் சிக்கியிருந்தால் பல வருடம் கழித்துக்கூடத் தானாக வெடிக்கும், இது கண்ணாடிக் கடைக்காரர்கள் எல்லாருக்கும் தெரியும்.

ஒயரை உள்ளே நறுக்குவது, டிரைனேஜில் சிமென்ட் அல்லது துணி அடைப்பது, இந்த இரண்டும்தான் எனக்குச் சந்தேகமே வராத கேஸ்.


மதுரை, வாடகை வீட்டில் இருப்பவள்

ஓனர்கள் மட்டும் பேசுகிற இடத்தில் எங்கள் பக்கத்தையும் வைக்கிறேன். நாங்கள் போன வீட்டில் ஜன்னல் கொசுவலை முன்பே கிழிந்திருந்தது, அலமாரிக் கதவின் கீல் கழன்றிருந்தது. குடிபோன அன்றே வீடியோ எடுத்து ஓனருக்கு அனுப்பினேன், "பார்த்துக்கலாம்மா" என்று பதில் போட்டார். காலி செய்யும்போது அதே கொசுவலைக்கும் கீலுக்கும் சுவரில் ஆணி அடித்த ஓட்டைக்கும் பெயின்ட்டுக்கும் சேர்த்துப் பிடித்தார். அந்தப் பழைய மெசேஜைக் காட்டியதும் பெயின்ட்டைத் தவிர மற்றதை விட்டார். அக்ரிமென்ட்டில் வேறு ஏற்பாடு இல்லாவிட்டால் வெள்ளையடிப்பது ஓனர் பொறுப்பு என்று தமிழ்நாட்டின் புது வாடகைச் சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கிறது. டேப் வாஷர், ஸ்விட்ச், பூட்டு, கைப்பிடி, கண்ணாடி மாற்றுவது எங்கள் பொறுப்பு, அதையும் ஒத்துக்கொள்கிறேன். சேதப்படுத்துகிறவர்களால் எங்களைப் போன்றவர்களுக்கு வீடு கிடைப்பதே கஷ்டமாகிறது. அந்தக் கோபம் எங்களுக்கும் உண்டு.


குரோம்பேட்டை, மறுபடியும்

மதுரைத் தங்கை சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அந்த வீடியோ அவரைக் காப்பாற்றியது, எங்களிடம் இருந்த குடிவரும்போது எடுத்த படங்கள் எங்களைக் காப்பாற்றின.

தனியாக மெசேஜ் போட்டு ஒருவர் கேட்டிருந்தார்: இன்னும் காலி செய்யவில்லை, உள்ளே உடைக்கிற சத்தம் கேட்கிறது, என்ன செய்ய என்று. தண்ணீரையோ கரண்ட்டையோ நிறுத்தாதீர்கள், தயவுசெய்து. 2017இல் வந்து 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம் அதைத் தடுக்கிறது. நிறுத்திய நிமிடத்திலிருந்து தப்பு உங்கள் பக்கம் வந்துவிடும், அவர்கள் உடைத்ததெல்லாம் பின்னால் போய்விடும். சாவி போட்டுத் திறந்துகொண்டு உள்ளே போவதும் கூடாது. 24 மணி நேரம் முன்பாக எழுத்தில் சொல்லிவிட்டு, பகலில், ஒரு பிளம்பரையோ கொத்தனாரையோ கூட வைத்துக்கொண்டு போய்ப் பாருங்கள். சேதம் இருந்தால் நிறுத்தச் சொல்லி நோட்டீஸ் கொடுங்கள். நோட்டீஸ் கொடுத்த பிறகும் வீட்டைப் பாழ்படுத்தினால் காலி செய்யச் சொல்லி வாடகை நீதிமன்றத்தில் கேட்க அது ஒரு காரணம். வாய்ச்சண்டை போட்டால் அந்தக் காரணம் கையில் சேராது.

அக்ரிமென்ட் எழுத்தில் இருக்கிறதா, வாடகை அதிகாரியிடம் பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். பதினொரு மாதத்துக்குப் போட்டாலும் 90 நாளுக்குள் பதிய வேண்டும், ஆன்லைனிலேயே செய்யலாம். சென்னையில் முன்பெல்லாம் பத்து மாத அட்வான்ஸ் சர்வ சாதாரணம், அதனால் ஓனருக்குத் தைரியம் இருந்தது. சட்டத்தில் இப்போது மூன்று மாத வாடகைதான், இருவரும் ஒப்புக்கொண்டு அக்ரிமென்ட்டில் கூடுதலாக எழுதினால் ஒழிய. ஒயரிங் முழுக்க மாற்றினால் மூன்று மாத வாடகை எந்த மூலைக்கு? அதனால் அட்வான்ஸை நம்பி உட்காராமல், வீட்டைக் கொடுக்கும் அன்றே ஒவ்வொரு அறையும் ஸ்விட்ச் போர்டும் சிங்க்கும் படமெடுத்து, பிரிண்ட் போட்டு, இரண்டு பேரும் கையெழுத்திட்டு அக்ரிமென்ட்டோடு வைப்பதை இப்போது நாங்கள் வழக்கமாக்கிவிட்டோம். புதிதாக வந்திருக்கும் பையன்கள் முதலில் தயங்கினார்கள், அப்புறம் அவர்களே பாத்ரூம் டைல்ஸில் இருந்த ஒரு கீறலைக் காட்டி இதையும் எடுங்கள் என்றார்கள்.

போலீஸில் கொடுத்தீர்களா என்று கேட்டவருக்கு: கொடுக்கவில்லை. எங்களுக்கு வீடு சரியாக வேண்டும், செலவு வர வேண்டும், இரண்டும் வந்துவிட்டது. கோவை சார், உங்கள் வாட்ச்மேன் அன்று யார் யார் சாவி வாங்கினார்கள் என்று நோட்டில் எழுதியிருப்பாரே, பெரும்பாலான அப்பார்ட்மென்ட்டில் கேட்டில் ஒரு நோட்டு இருக்கும், கேமராவும் இருக்கும். பதிவு அழிவதற்குள் அசோசியேஷனில் எழுதிக் கேட்டுப் பாருங்கள்.