சேலத்தில் 9 வயது மகளுக்கும் 43 வயது எனக்கும் டென்னிஸ்: எங்கே, எப்படித் தொடங்குவது?

கொலுசுப்பட்டறை (செவ்வாய்ப்பேட்டை):

வணக்கம். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். மகளுக்கு 9 வயது. டிவியில் விம்பிள்டன் பார்த்ததிலிருந்து டென்னிஸ்தான் வேண்டும் என்று ஒரே பிடிவாதம். சின்னப்பம்பட்டி நடராஜன் இந்திய அணிக்குப் போன பிறகு எங்கள் தெருவில் விளையாட்டு என்றாலே கிரிக்கெட்தான். கடையில் போய் டென்னிஸ் பந்து கேட்டேன். கொடுத்தது கிரிக்கெட்டுக்கு வாங்கும் கெட்டி ரப்பர் பந்து. மகள் நாலு அடி அடித்துவிட்டு மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

போன மாதம் ஒரு தனியார் பயிற்சி இடத்தில் சேர்த்தேன். மாதம் 2,500 ரூபாய். ஒரு கோர்ட், ஒரு பயிற்சியாளர், 14 பிள்ளைகள். ஒருநாள் வெளியே உட்கார்ந்து எண்ணினேன் (கொலுசு மணி எண்ணியே பழகிப் போச்சு). ஒரு மணி நேரத்தில் அவள் அடித்தது 31 பந்து. மீதி நேரமெல்லாம் வரிசையில் நின்றாள், இல்லையென்றால் பந்து பொறுக்கினாள்.

வேறு எங்கே கேட்கலாம்? பள்ளி விடுமுறையில் ஏற்காட்டில் என் மாமனார் வீட்டில் ஒரு மாதம் இருப்பாள், அங்கேயும் பழகலாமா? அப்புறம் எனக்கும் நாள் முழுக்கக் குனிந்தே வேலை, முதுகு பிடித்துக்கொள்கிறது. 43 வயதில் ராக்கெட் பிடித்தால் சிரிப்பார்களா?

அஸ்தம்பட்டி அம்மா:

முதலில் காந்தி ஸ்டேடியத்தில் மாவட்ட விளையாட்டு அலுவலகத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள் அண்ணா. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் கோடைப் பயிற்சி முகாம் எப்போது, எந்தெந்த விளையாட்டு என்று அங்கேயே சொல்லிவிடுவார்கள். என் மகன் நீச்சலுக்கு அப்படித்தான் சேர்ந்தான். முதலமைச்சர் கோப்பையும் அந்த ஆணையம் நடத்துவதுதான். பள்ளி மாணவர் மட்டுமில்லை, கல்லூரி மாணவர், பொதுமக்கள், அரசு ஊழியர், மாற்றுத்திறனாளிகள் என்று தனித்தனிப் பிரிவு உண்டு.

ஓய்வுபெற்ற கார்டு (சூரமங்கலம்):

தம்பி, 31 பந்து என்று எண்ணினீர்களே, அதுதான் சரியான அளவுகோல். பயிற்சி இடம் பார்க்கப் போனால் சுவரில் மாட்டியிருக்கும் கோப்பைகளைப் பார்க்காதீர்கள், ஒரு பிள்ளை ஒரு மணி நேரத்தில் எத்தனை பந்து அடிக்கிறது என்று மட்டும் பாருங்கள். நூற்றைம்பதுக்குக் கீழே என்றால் வண்டியைத் திருப்பிவிடுங்கள். இது என் கணக்கு. பயிற்சியாளர்கள் சண்டைக்கு வரலாம், வரட்டும்.

அடுத்து, பந்து. 10 வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகளின் போட்டிகளில் சாதாரண மஞ்சள் பந்தே கூடாது என்று சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு 2012-இலேயே விதியை மாற்றிவிட்டது. சிவப்பு, ஆரஞ்சு, பச்சை என்று மூன்று மெதுவான பந்துகள் இருக்கின்றன. மஞ்சளைவிடச் சிவப்பு 75 சதவீதம் மெது, ஆரஞ்சு 50, பச்சை 25. உங்கள் மகளுக்கு ஆரஞ்சு. கோர்ட்டும் முழு 23.77 மீட்டர் வேண்டாம், 18 மீட்டர் போதும். இரண்டு பக்கமும் பேஸ்லைனிலிருந்து (கோர்ட்டின் கடைசிக் கோடு) மூன்று மீட்டர் உள்ளே தள்ளிச் சுண்ணாம்புப் பொடியால் ஒவ்வொரு கோடு போட்டால் வேலை முடிந்தது. மஞ்சள் பந்து அந்த உயரத்துப் பிள்ளைக்குத் தலைக்கு மேலே எழும்பும். அதை அடிக்க மட்டையை எப்படியோ திருகிப் பிடிப்பாள். அந்தப் பிடி கையில் ஊறிவிட்டால் பிறகு மாற்றுவது பெரும்பாடு. ராக்கெட் 25 அங்குலம் வாங்குங்கள். "வளர்ற பிள்ளைதானே" என்று 27 அங்குலம் வாங்காதீர்கள், அது யூனிஃபார்ம் இல்லை.

தரவரிசை, புள்ளி எல்லாம் இப்போதைக்கு எதற்கு? அகில இந்திய டென்னிஸ் சங்கத்தின் போட்டிகள் 12, 14, 16, 18 வயதுக்குட்பட்டோர் என்று வரிசையாக இருக்கின்றன, எங்கேயும் ஓடிவிடாது. ஒரு ராலியில் (பந்து விழாமல் மாறி மாறி அடிப்பது) பத்துப் பந்து திருப்பி அடிக்க வரட்டும், பிறகு பதிவு செய்யலாம். ரயில்வேயில் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு வந்தவர்களோடு நான் ஆடியிருக்கிறேன். அவர்களில் ஒருவர்கூட ஒன்பது வயதில் வேலையை நினைத்து ஆடியவர் இல்லை.

இனி உங்கள் கதைக்கு வருவோம். நான் ராக்கெட் பிடித்தது 38-இல். சரக்கு ரயிலில் கார்டாக இரவு டூட்டி முடித்து, தூக்கம் வராமல் கோர்ட் ஓரம் உட்கார்ந்திருப்பேன். ஒருநாள் டபுள்ஸுக்கு ஆள் குறைந்தது, மார்க்கர் (கோர்ட்டில் ஆட்டக்காரர்களுக்கு உதவியாக இருப்பவர்) என்னைக் கூப்பிட்டார். இப்போது வயது 64. எங்கள் பழைய மண் கோர்ட்டில் காலை 5.45-க்கு எட்டு ஜோடி வருகிறோம். வருடத்துக்கு ஒருமுறை எங்களுக்குள்ளேயே லீக் வைக்கிறோம். ஜோடியில் இருவர் வயதையும் கூட்டினால் 90 வர வேண்டும், எல்லோரும் எல்லோருடனும் ஒரு செட், டியூஸ் (40-40 சமநிலை) வந்தால் ஒரே பாயின்ட்டில் முடிவு. எட்டரை மணிக்குக் கடை திறக்க வேண்டியவர்கள் இருக்கிறார்களே! உங்களுக்கு 43, எனக்கு 64. கூட்டிக்கொள்ளுங்கள்.

ஒரே எச்சரிக்கை: நாள் முழுக்கக் குறடு பிடிக்கும் கை உங்களுடையது. முழங்கைக்கு வெளிப்பக்கத் தசைநார் ஏற்கெனவே களைத்துத்தான் இருக்கும், டென்னிஸ் எல்போ அங்கேதான் வரும். ராக்கெட்டில் கட்டும் நரம்புக்குக் கடைக்காரர் பாலியெஸ்டர் ஸ்ட்ரிங்கைத் தூக்கிக் காட்டுவார், வேண்டாம். மெல்லிய இழைகள் சேர்ந்த மல்டிஃபிலமென்ட் போடச் சொல்லுங்கள், இழுவை 50 பவுண்டு தாண்ட வேண்டாம். பேக்ஹேண்டை முதல் நாளிலிருந்தே இரண்டு கையால் பழகுங்கள். சித்திரை, வைகாசியில் 8 மணிக்கு மேல் சிமெண்ட் கோர்ட்டில் நிற்காதீர்கள், ஷூவைத் தாண்டிக் கால் சுடும்.

காப்பித்தோட்டம் (ஏற்காடு):

மலைக்கு வரும் குடும்பம் என்பதால் ஒரு வார்த்தை. இங்கே கோர்ட் இருக்கும் பள்ளி, விடுதி எதுவானாலும் முன்கூட்டியே அனுமதி கேட்டுவிட்டுத்தான் வர வேண்டும், பூட்டிய கேட்டைப் பார்த்துத் திரும்பியவர்கள் நிறைய. மே மாதம் கோடை விழா நடக்கும் நாட்களில் வண்டி ஏறவே பாதி நாள் போய்விடும்.

வந்தால் பந்தைக் கவனியுங்கள். கீழே நன்றாக ஆடுகிற என் மைத்துனர் இங்கே வந்து அடித்த முதல் பத்துப் பந்தில் ஏழு வேலிக்கு அப்பால் சில்வர் ஓக் மரத்தடியில் விழுந்தது. ராக்கெட்டைத்தான் திட்டினார். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வரும்போது சிப்ஸ் பாக்கெட் பலூன் மாதிரி உப்புவதைப் பார்த்திருப்பீர்கள். பந்துக்கும் அதே கதைதான். உள்ளே அடைத்த காற்று அப்படியே இருக்கிறது, வெளியே அழுத்தம் குறைகிறது, அதனால் துள்ளல் கூடுகிறது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். காற்றும் சேலத்தைவிடப் பத்தில் ஒரு பங்கு லேசு, பந்தைத் தடுத்து நிறுத்த ஆளில்லை. 1,219 மீட்டருக்கு மேலே ஆடுவதற்கென்று துள்ளல் குறைந்த தனிப் பந்தையே டென்னிஸ் விதிகளில் சொல்லியிருக்கிறார்கள். அதைத் தேடி அலைய வேண்டாம். கீழே கார்டு ஐயா கோஷ்டி அடித்துக் களைத்துத் தூக்கிப்போடும் பழைய பந்துகளை ஒரு பை கொண்டுவாருங்கள். அங்கே செத்த பந்து இங்கே உயிரோடு எழும். பாப்பாவுக்கு ஆரஞ்சு பந்தே போதும். மூடுபனி இறங்கினால் மட்டும் நிறுத்திவிடுங்கள், ஈரம் குடித்த பந்து கல் மாதிரி கனக்கும், பிள்ளைக் கை தாங்காது.

கொலுசுப்பட்டறை:

எல்லோருக்கும் நன்றி. ஆரஞ்சு பந்து ஒரு டஜன் ஆன்லைனில் வாங்கினேன். பழைய இடத்தை விட்டுவிட்டோம். வீட்டுக்குப் பின்னால் கிடங்குச் சுவரில் தரையிலிருந்து 91 சென்டிமீட்டரில் சாக்பீஸால் நெட் கோடு போட்டுக் கொடுத்தேன். நேற்று அரை மணி நேரத்தில் 212 அடித்தாள், கிடங்குக்காரர் வந்து சத்தம் போடும்வரை. சனிக்கிழமை 5.45-க்குக் கார்டு ஐயாவின் கோர்ட்டுக்குப் போனேன். என் சர்வீஸ் பதினொரு முறை நெட்டிலேயே விழுந்தது. யாரும் சிரிக்கவில்லை, மார்க்கரைத் தவிர.

பழைய பந்து 23 கொடுத்தார்கள், ஏற்காட்டுக்கு எடுத்து வைத்திருக்கிறேன். ஒரு சந்தேகம் மட்டும்: வெள்ளை பனியனில் அந்தச் செம்மண் கறை போகவே மாட்டேன் என்கிறது. எதைப் போட்டுத் துவைக்கிறீர்கள்?

ஓய்வுபெற்ற கார்டு:

வெள்ளை போடாதீர்கள் தம்பி. இது என்ன விம்பிள்டனா? புதன்கிழமை சீக்கிரம் வாருங்கள், கோர்ட்டுக்குத் தண்ணீர் தெளிக்க ஆள் வேண்டும்.