மறு: சகுரா ஜென்சென் – ‘பூக்கோடு’ சரிவருமா?

அன்பர்களுக்கு வணக்கம்.

குடும்பத்தோடு ஏப்ரல் முதல் வாரம் ஜப்பானில் சகுரா (செர்ரிப் பூ) பார்க்கப் போகும் அக்கா, பயணத் திட்டத்தைத் தமிழில் எழுத வேண்டிய சொற்களைக் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. இந்தப் பயணத்தில் விமானச் சீட்டைவிடத் தேதிதான் சிக்கல். அந்தத் தேதியைச் சொல்லும் சொற்கள் மூன்றும் (கய்கா – பூக்கத் தொடங்குவது, மன்கய் – பூத்து நிறைவது, ஜென்சென் – பூக்கத் தொடங்கும் நாளை வரைபடத்தில் காட்டும் கோடு) நம்மிடம் இல்லாததால் எல்லோரும் ‘சகுரா சீசன்’ என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். அதை நம்பிப் போனவர்கள் வெறும் மொட்டுகளையோ இளம் இலைகளையோ பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். இவற்றுக்கு நீங்கள் எழுதியிருந்த தமிழ்ச் சொற்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

> கய்காவுக்கு ‘முதற்பூ’ போதுமே.

போதாது ஐயா. டோக்கியோவில் யசுகுனிக் கோயில் வளாகத்தில் ஒரு மாதிரி மரம் இருக்கிறது. மார்ச் மாதத்தில் ஜப்பான் வானிலை முகமை அதிகாரி வந்து கிளை கிளையாக அண்ணாந்து பார்த்து எண்ணுவார். சுற்றிலும் தொலைக்காட்சிக் கேமராக்கள் நிற்கும். ஒரு பூ விரிந்திருந்தால் கணக்கில் வராது. நான்கு இருந்தாலும் பேசாமல் திரும்பிவிடுவார். ஐந்தாறு பூக்கள் விரிந்திருந்தால்தான் கய்கா என்று அறிவிப்பார். ஆகவே ‘பூத்தொடக்கம்’ என்று வைப்போம். ‘பூப்பு’ என்றும் ஒருவர் சொன்னார். பெண் பருவமடைவது முதலில் நினைவுக்கு வருவதால் அது வேண்டாம்.

> மன்கய் = முழுமலர்ச்சி

‘முழு’ என்றால் ஒரு மொட்டும் மிச்சமில்லை என்றாகிவிடும். மாதிரி மரத்தின் மொட்டுகளில் எண்பது விழுக்காடு விரிந்தாலே மன்கய் என்கிறார்கள். அதில் நியாயம் இருக்கிறது. கடைசி மொட்டு விரியும்போது முதலில் பூத்தவை உதிரத் தொடங்கியிருக்கும். எல்லாப் பூவும் ஒரே நேரத்தில் மரத்தில் நிற்கும் நாள் என்று ஒன்று கிடையாது. நிறைமாதம், நிறைகுடம் என்று சொல்லும் அந்த ‘நிறை’ இங்கே பொருந்தும். ‘நிறைபூ’ என் முன்மொழிவு.

> ஜென்சென்னுக்கு ‘மலர்முகப்பு’ அல்லது ‘சகுரா முன்னணி’. பூ வடக்கே நகர்வதால் ‘வடசெல்பூ’கூட ஆகும்.

இதுதான் முக்கியமான சொல், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ‘முன்னணி’ கட்சிப் பெயராகக் காதில் விழும். ‘மலர்முகப்பு’ என்றால் கல்யாண மண்டபத்து வாசல் அலங்காரம்தான் கண்முன் வரும். ‘வடசெல்பூ’ அழகான சொல், ஆனால் உண்மைக்குப் பொருந்தவில்லை. சகுராவின் மொட்டு முந்தைய கோடையிலேயே உருவாகி உறங்கப் போய்விடும். குளிர்காலக் குளிரை வேண்டிய அளவு பட்டால்தான் அந்த உறக்கம் கலையும். அதன் பிறகு வெப்பம் ஏற ஏற மொட்டு பருக்கும். (விதையுறக்கம் என்று பாடநூலில் படித்தோமே, அதையொட்டி இதை ‘மொட்டுறக்கம்’ எனலாம்.) தெற்கே குளிர்காலம் இதமாகப் போய்விட்டால் மொட்டு சரியாக விழிப்பதில்லை. தெற்கே இருக்கும் ககோஷிமாவை முந்திக்கொண்டு டோக்கியோ பூத்த ஆண்டுகள் உண்டு. அதற்கும் தெற்கே, ஒகினாவாத் தீவுகளில் பூப்பது வேறு வகைச் சகுரா, அதுவும் ஜனவரியில். அங்கே வடக்கில் தொடங்கித் தெற்கே இறங்குகிறது.

ஜென்சென் என்பது வரைபடத்தில் ஒரே நாளில் பூக்கத் தொடங்கும் ஊர்களைச் சேர்த்து இழுத்த கோடு. நம் புவியியல் பாடத்தில் சமவெப்பக் கோடு, சம உயரக் கோடு இருக்கின்றன. அந்தக் குடும்பத்திலேயே ‘பூக்கோடு’ என்று சேர்த்துவிடலாம். கோடு வளையும், மலையைச் சுற்றிப் போகும், சில ஆண்டுகளில் தலைகீழாகவும் விழும். சொல் அதற்கெல்லாம் இடம் கொடுக்கிறது. இன்னொன்றும் இருக்கிறது. பழந்தமிழில் கோடு என்றால் மரக்கிளை. மரத்தில் பூப்பதைக் கோட்டுப்பூ என்றே வகை பிரித்தார்கள். மாதிரி மரமாக வைத்துப் பார்க்கும் சோமேய் யோஷினோ என்னும் சகுரா வகையில் இலை வருமுன்னே கிளை முழுக்கப் பூதான். சொல்லுக்குள் மரமும் வந்து உட்கார்ந்துகொள்கிறது என்பதில் எனக்குப் பெரிய மகிழ்ச்சி. அந்த மரங்கள் எல்லாம் ஒட்டுக்கட்டிப் பெருக்கியவை, மரபணுவில் ஒன்றே. ஓர் ஊரில் எல்லாம் சேர்ந்தாற்போல் பூப்பதும், கோடு இழுக்க முடிவதும் அதனால்தான்.

இப்போது அக்காவின் திட்டத்தில் போட்டுப் பார்ப்போம். டோக்கியோவில் 2023-இல் பூத்தொடக்கம் மார்ச் 14, நிறைபூ மார்ச் 22. 2024-இல் பூத்தொடக்கம் மார்ச் 29, நிறைபூ ஏப்ரல் 4. இரண்டு வாரம் இப்படியும் அப்படியும் போகிறது. ஏப்ரல் 1-இல் இறங்குபவருக்கு முதல் ஆண்டு கைவிட்டிருக்கும், இரண்டாம் ஆண்டு அள்ளிக் கொடுத்திருக்கும். ஆகவே அக்கா, ஒரே ஊரில் எல்லா இரவுகளையும் பதிவு செய்யாதீர்கள். கட்டணமில்லாமல் ரத்து செய்யக்கூடிய அறைகளாக எடுங்கள். வானிலை முகமை 2010 முதல் பூக்கோட்டு முன்கணிப்பை விட்டுவிட்டது. தனியார் நிறுவனங்கள் குளிர்காலத்திலேயே வெளியிடத் தொடங்கி அடிக்கடி திருத்துகின்றன. கிளம்பும் வாரத்தில் அதைப் பாருங்கள். பூக்கோடு டோக்கியோவைத் தாண்டிவிட்டால் ஷின்கான்சென் அதிவேக ரயிலில் ஒன்றரை மணி நேரத்தில் வடக்கே செந்தாய் நகருக்குப் போய்விடலாம். கியோட்டோப் பக்கம் என்றால் யோஷினோ மலை: அடிவாரத்தில் உதிரும்போது மேலே மொட்டாக இருக்கும், ஏறிப்போனால் நடுவில் எங்காவது நிறைபூ பிடிபடும்.

பூ உதிர்வதைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். காற்றில் இதழ்கள் கொட்டுவதற்குப் புதுச்சொல்லே வேண்டாம், ‘பூமாரி’ இருக்கிறது. உதிர்ந்த இதழ்கள் நீரில் ஒன்று சேர்ந்து மிதப்பதற்கு, ஹிரோசாகிக் கோட்டை அகழியில் நீரே தெரியாதபடி மூடிக்கிடக்குமே, அதற்கு ‘பூந்தெப்பம்’ என்பேன். ஜப்பானியரும் தெப்பம் என்ற பொருளில்தான் சொல்கிறார்கள்.

சகுரா பார்க்கக் கூடும் வழக்கமான ஹனாமிக்கு ‘பூக்காணல்’ என்று வந்திருக்கும் பரிந்துரையை மட்டும் ஏற்க மனம் வரவில்லை. மரத்தடியில் நீலத் தார்ப்பாய் விரித்து, காலையிலேயே ஒருவர் இடம் பிடித்து உட்கார்ந்து, மாலையில் அலுவலகத்தார் எல்லோரும் கூடி உண்டு குடிப்பது வரை சேர்த்துத்தான் ஹனாமி. பொங்கலை மொழிபெயர்க்காத மாதிரி இதையும் ஹனாமி என்றே விட்டுவிடுவோம். மற்ற ஐந்துக்கும் மறுப்பு இருந்தால் எழுதுங்கள். ‘பூக்கோடு’ பற்றி முதலில் சொல்லுங்கள்.