புதுத் துவக்கு வீட்டுக்கு வந்த முதல் நாள்: உங்கள் அனுபவம் என்ன?

படுவான்கரையான்

துவக்குக்கு (துப்பாக்கிக்கு) லைசென்ஸ் எடுக்க கிராம சேவகர், பொலிஸ், கச்சேரி (மாவட்டச் செயலகம்) என்று அலைந்த கதை எல்லாருக்கும் தெரியும், அதை விடுகிறேன். எனக்கு இன்னும் மனதை அரிப்பது வேறொன்று.

புது ஒற்றைக்குழல், பன்னிரண்டு போர் (குழல் விட்டத்தின் அளவு). கடைக்காரர் மேசையில் வைத்து ஒருதரம் மடித்துக் காட்டினார். "அப்படியே வெடி வைக்கலாம் தம்பி, ஒன்றும் பார்க்கத் தேவையில்லை" என்றார். வேளாண்மை குடலைப் பருவம் (நெற்கதிர் வெளிவர முதல்), பன்றி இறங்கத் தொடங்கிவிட்டது, எனக்கும் அவசரம்தான். ஆனாலும் வீட்டில் குழலுக்கு அடியில் இருக்கும் முன்கட்டையைக் கழற்றி, குழலைத் தனியாக எடுத்து, தோட்டா போடும் பக்கத்தால் வானத்தைப் பார்த்தேன். வெளிச்சம் முழு வட்டமாக வரவில்லை, தேய்பிறை மாதிரி ஒரு ஓரத்தில்தான் தெரிந்தது. கம்பை விட்டுத் தள்ளினால் கிரீஸில் ஊறிய கடதாசிச் சுருள் ஒன்று மெல்ல மெல்ல வாய்ப்பக்கத்தால் வருகிறது. என் நடுவிரல் நீளம் இருக்கும். துருப் பிடிக்காமல் இருக்க யாரோ வைத்து அடைத்தது, எடுக்க மறந்துவிட்டார்கள்.

கடைக்காரருக்கு போன் எடுத்துச் சொன்னேன். "அது வெடியோடு பறந்திருக்கும்" என்று சிரித்தார். அடைத்த குழலில் வெடி வைத்தால் குழலே பிளந்திருக்கும். அந்தச் சிரிப்புத்தான் இன்னும் காதில் கிடக்கிறது. உங்களுக்கும் இப்படி ஏதும் நடந்ததா?

வெல்லாவெளி மச்சான்

கடதாசியாவது பரவாயில்லை. எங்கள் மாமா புதுசாக எடுத்த துவக்கை வாடிக்குள் (வயல் காவல் குடிலுக்குள்) கொழுவி வைத்திருந்தார். மழை விட்டு இரண்டொரு கிழமை வட்டைக்குள் (வயல்வெளிக்குள்) யாரும் போகவில்லை. பிறகு ஒரு பின்னேரம் பன்றி வந்துவிட்டது என்று அடுத்த வயல்காரன் கத்துகிறான். மாமா துவக்கை எடுத்துக் கையில் தோட்டாவையும் பிடித்துவிட்டார். என்ன நினைத்தாரோ, மடித்து டோர்ச் அடித்துப் பார்த்தார். ஒரே இருட்டு.

கம்பால் குத்தினோம். முதலில் காய்ந்த மண் கொட்டியது. பிறகு பச்சைப் புழுக்கள், ஒன்றன்பின் ஒன்றாக. செத்தவை அல்ல. கையில் எடுத்துப் பார்த்தால் தலை மட்டும் லேசாக அசைகிறது. மண்குளவி தன் குஞ்சுக்கு என்று கொட்டி மயக்கி, மண்ணால் அடைத்து வைத்த சாப்பாடு. மாமா அன்று வெடியே வைக்கவில்லை, தகரம் தட்டித்தான் பன்றியைக் கலைத்தோம். ஒரு நாள் பார்த்தது போதாது என்பதற்காகச் சொல்கிறேன், வெடி வைக்க முதல் ஒவ்வொரு தரமும் குழலைப் பார்க்க வேண்டும்.

இறக்காமம் காக்கா

மச்சான், குளவியை விடுங்கள். லைசென்ஸ் துவக்கை ஆளில்லாத வாடியில் கொழுவி வைப்பது என்ன பழக்கம்? களவு போனால் உங்கள் மாமா பொலிசுக்கு என்ன சொல்வார்? குளவி வந்தது நல்லதுக்கு, வேறு யாராவது வந்திருந்தால்? வாடியில் வைக்கக் கூடியது வனஜீவராசிகள் திணைக்கள ஆட்கள் யானையைக் கலைக்கத் தருகிற யானை வெடி. அதையும் நனையாமல் வைக்க வேண்டும்.

என் கதை சின்னது. கையெழுத்து வைக்கிற நேரம் பத்திரத்தில் எழுதியிருந்த இலக்கத்தையும் துவக்கில் இருந்ததையும் ஒப்பிட்டேன். இரண்டிலும் கடைசி இலக்கம் 3. சரிதான். ஆனால் குழலின் அடியில் இருந்த இலக்கம் 8 என்று முடிகிறது. ஒரே துவக்கில் இரண்டு இலக்கமா? பழைய பல்துலக்கும் பிரஷை மண்ணெண்ணெயில் நனைத்துத் தேய்த்தேன். 3இன் இடது பக்கம் கிரீஸுக்குள்ளிருந்து மெல்லத் திறந்து 8 ஆனது. எழுதினவர் கிரீஸுக்கு மேலால் பார்த்து எழுதியிருக்கிறார். திருத்தச் சொன்னால், "3ஓ 8ஓ, யார் பார்க்கப் போகிறார்கள்" என்கிறார். வழியில் மறிக்கிற பொலிஸ்காரன் பார்ப்பான், வேறு யார்? திருத்தி முடிக்கும் வரை நான் கதிரையை விட்டு எழும்பவில்லை.

புதுசாக எடுப்பவர்களுக்கு ஒன்று. கிரீஸை மண்ணெண்ணெயால் கழுவுங்கள், ஆனால் விளக்கு, அடுப்பு இருக்கிற இடத்தில் வேண்டாம். பழைய சாரத்தைக் கிழித்து, துணி வெள்ளையாக வரும் வரை குழலுக்குள் விட்டு எடுங்கள். தோட்டா அறைக்குள் இருப்பதையும் விடாதீர்கள், அதில் கிரீஸ் இருந்தால் வெடித்த கோது இறுகி வெளியே வராது. பிறகு தையல் மெஷின் எண்ணெய் சொட்டு மட்டும், அதுவும் துணியில். வெடி வைக்க முதல் அதையும் துடைத்து உலர்த்த வேண்டும். தேங்காயெண்ணெய் கூடாது. எங்கள் பக்கத்தில் நிறையப் பேர் பூசுகிறார்கள், நாளாக ஆக அது பிசினாகி, விசை இழுத்தால் இறங்காது. உறைக்குள் போட்டு மூடி வைக்கவும் வேண்டாம். கடற்கரைக் காற்றில் உறை ஈரத்தை வாங்கி வைத்துக்கொள்ளும், மூன்றாம் மாதம் எடுத்தால் செம்புள்ளி. அலுமாரியில் குழல்வாய் கீழே பார்க்க நிறுத்தினால் எண்ணெய் மரத்துக்குள் ஊறாது. அலுமாரித் திறப்பு (சாவி) உங்கள் இடுப்பில் இருக்கட்டும். தோட்டாவை வேறு பெட்டியில் வையுங்கள்.

வெல்லாவெளி மச்சான்

காக்கா, வாடியில் ஆள் இருந்தது. மழையென்று காவல்காரன் ஊருக்குப் போனான். மாமாவுக்கு நீங்கள் சொன்னதை எல்லாம் நாங்கள் அப்பவே சொல்லிவிட்டோம்.

வாகரைக்காரி

ஆம்பிளைகள் எல்லாரும் குழலையே பார்க்கிறீர்கள். பிடங்கு (தோளில் வைக்கும் பின்கட்டை) உங்கள் தோளுக்கு அளவா என்று யாராவது பார்த்தீர்களா? வயல் என் பெயரில், லைசென்ஸும் என் பெயரில். துவக்கைத் தோளில் வைத்தால் விசைக்கு விரல் எட்டவில்லை. எட்டிப் பிடித்தால் பிடங்கு தோளை விட்டுக் கைப்பக்கம் நழுவுகிறது. அப்படி வைத்து வெடி வைத்தால் உதைப்பு முழுக்கக் கையெலும்பில்தான்.

ஊரில் உள்ள தச்சரிடம் போய், பின்னால் கொஞ்சம் வெட்டித் தர முடியுமா என்று கேட்டேன். மனுசன் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு வாசலைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார். "கட்டையை மட்டும் கழற்றிக் கொண்டு வா பிள்ளை. இரும்பு என்ட வளவுக்குள்ள வரக்கூடாது" என்றார். பத்திரத்தைக் காட்டினேன், அதைத் தொடவும் இல்லை. வீட்டுக்கு வந்து பின்தகட்டைக் கழற்றி, உள்ளே நீளமாகப் போகிற ஆணியைத் திருகி, கட்டையைச் சீலையில் சுற்றிக் கொண்டுபோனேன். அளந்து, வெட்டி, மெழுகும் பூசித் தந்தார். காசு வாங்கவில்லை. கெதியாகக் கொண்டுபோ என்றுதான் சொன்னார்.

போர் முடிந்து எத்தனை வருசம்! அவருக்கு எந்த வருசத்தில் என்ன நடந்ததோ, நான் கேட்கவில்லை.

பழைய வட்டவிதானை

மகள், அவர் பயந்ததில் நியாயம் இருக்கும். 1990 கலவரத்துக்குப் பிறகு எங்கள் ஊரில் லைசென்ஸ் இருந்தவன், இல்லாதவன் எல்லாரும் ஒரே கணக்குத்தான். அது கிடக்கட்டும்.

காக்கா எண்ணெய் பற்றிச் சொன்னது அரைவாசிதான் சரி. எண்ணெய் மட்டும் போதாது. என் தகப்பன் வெடி வைத்துவிட்டு வந்தால் முதல் வேலை கேத்தலில் சுடுதண்ணீர். குழலைக் கழற்றி அதற்குள் ஊற்றி, துடைத்து, வெயிலில் காயவிட்டு, பிறகுதான் எண்ணெய். அந்தக் காலத்துத் தோட்டாவின் தொப்பி (மருந்தைப் பற்றவைக்கிற அடிமூடி) வெடித்தால் உப்புப் படியும். உப்பு தண்ணீரில்தான் கரையும், எண்ணெயில் கரையாது. இப்போது வருகிற தோட்டாவில் அந்த உப்பு இல்லை என்கிறார்கள், சரி. ஆனால் யாரோ தந்த பழைய தோட்டா என்றால் சுடுதண்ணீரை மறக்க வேண்டாம்.

இன்னொன்று, இங்கே ஒருவரும் சொல்லவில்லை. குழலில் 70 என்று பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். அது தோட்டா அறையின் நீளம், மில்லிமீற்றரில். பழைய துவக்குகளில் 65 இருக்கும். 70 தோட்டா 65 அறைக்குள்ளும் சுகமாகப் போகும், ஏனென்றால் போடும்போது அதன் வாய் மடிந்திருக்கிறது. வெடிக்கும்போது வாய் விரிய இடம் இல்லாமல் அமுக்கம் ஏறும். உள்ளே போனால் சரி என்று நினைப்பவன்தான் குழலை வெடிக்க வைப்பான். இருபது போர் தோட்டாவையும் பன்னிரண்டோடு ஒரே பைக்குள் போட வேண்டாம். சின்னது குழலுக்குள் வழுக்கிப் போய் நடுவில் நின்றுவிடும். அறை வெறுமை என்று நினைத்து அதற்குப் பின்னால் பன்னிரண்டைப் போட்டால் கதை முடிந்தது. அதனால்தான் இருபது போருக்கு மஞ்சள் நிறம் கொடுத்திருக்கிறான்.

இருட்டில் அறை வெறுமையா என்று பார்க்க டோர்ச் வேண்டாம். மடித்துச் சின்னவிரலை உள்ளே விட்டுத் தடவினால் போதும். ஆனால் அறைக்கு அப்பால் குழலில் அடைப்பு இருக்கிறதா என்று வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும்.

இறக்காமம் காக்கா

ஐயா, 70 சங்கதிக்கு நன்றி, இப்போதே போய்ப் பார்க்கிறேன். ஆனால் புதுத் துவக்குக்குச் சுடுதண்ணீர் ஊற்றச் சொல்லாதீர்கள். பொடியன்கள் கட்டையையும் சேர்த்து நனைத்துவிடுவார்கள்.

பழைய வட்டவிதானை

குழலைக் கழற்றித்தான் ஊற்றச் சொன்னேன். திரும்ப வாசியுங்கள்.

படுவான்கரையான்

சண்டை பிடிக்காதீர்கள். என்னுடையதில் 70 இருக்கிறது, இப்போதுதான் பார்த்தேன். பன்னிரண்டு போருக்குப் பித்தளைக் கம்பிப் பிரஷ் மட்டக்களப்பு ரவுணில் எங்கே எடுக்கலாம்? அந்தக் கடைக்குத் திரும்பப் போக எனக்கு மனமில்லை.