மறு: எக்ஸ்பெடிஷன் குரூஸ் - தமிழில் என்ன சொல்லலாம்?

> 'சாகசக் கப்பல் பயணம்' என்றே வைத்துவிடலாமே, எல்லாருக்கும் புரியும்.

புரியும், ஆனால் தப்பாகப் புரியும். எக்ஸ்பெடிஷன் குரூஸ் என்பது துறைமுகமில்லாத தொலைதூர இடங்களுக்குப் பயணிகளைக் கொண்டுபோய் இறக்கிக் காட்டும் கப்பல் பயணம், நாம் எழுதிவரும் கையேட்டுக்கு அதற்கொரு தமிழ்ச் சொல் வேண்டும். இந்தக் கப்பல்களில் மெத்தை, மருத்துவர், நல்ல சாப்பாடு எல்லாம் உண்டு, ஓய்வுபெற்ற பலர் நிதானமாகப் போய்வருகிறார்கள். சாகசம் என்று எதையாவது சொல்லியே ஆகவேண்டும் என்றால், தென் அமெரிக்காவுக்கும் அண்டார்க்டிகாவுக்கும் நடுவே உள்ள டிரேக் நீரிணையை ஏறக்குறைய இரண்டு நாள் குமட்டலோடு கடப்பதை வேண்டுமானால் சொல்லலாம்.

முன்பு ஒருவர் சொன்ன 'ஆய்வுக் கடற்பயணம்' இன்னும் சிக்கல். ஆய்வுக் கப்பல் என்பது வேறு இனம், அதில் ஏறுபவர்கள் அறிவியலாளர்கள். இங்கே பயணி ஆய்வு எதுவும் செய்வதில்லை, கூட வரும் பறவையியல்காரரும் நிலவியல்காரரும் சொல்வதைக் கேட்டுக்கொண்டு படம் எடுக்கிறார், அவ்வளவுதான். 'தேட்டப் பயணம்' காதுக்கு நன்றாக இருக்கிறது, ஆனால் யாழ்ப்பாணத்துத் தேசவழமைச் சட்டம் தெரிந்தவருக்குத் தேட்டம் என்றால் மணவாழ்வில் சேர்த்த சொத்து. சிரிப்பார்கள்.

அந்தக் கப்பல் என்ன செய்கிறது என்று பார்த்துச் சொல்லை எடுப்போம் என்கிறேன். 1966-ல் சுற்றுலா நிறுவனம் நடத்திய லார்ஸ் எரிக் லிண்ட்பிளாட் கட்டணப் பயணிகளை அண்டார்க்டிகாவுக்கு அழைத்துப் போனார், 1969-ல் இதற்கென்றே 'லிண்ட்பிளாட் எக்ஸ்புளோரர்' கப்பல் கட்டப்பட்டது. அன்றிலிருந்து முறை பெரிதாக மாறவில்லை: துறைமுகமே இல்லாத இடத்தில் கப்பல் சற்றுத் தள்ளி நிற்கும், ஆட்களைக் காற்றடைத்த ரப்பர் படகில் சின்னச் சின்னக் குழுவாகக் கரைக்குக் கொண்டுபோய் இறக்குவார்கள், சில மணி நேரம் கழித்து ஏற்றிக்கொண்டு வருவார்கள். மற்றதெல்லாம் இதைச் சுற்றித்தான்.

விதிகளும் இதைத்தான் எண்ணுகின்றன. அண்டார்க்டிகாவில் ஓரிடத்தில் ஒரே நேரத்தில் 100 பயணிகளுக்கு மேல் கரையில் இருக்கக் கூடாது, 500-க்கு மேல் பயணிகளை ஏற்றிவரும் கப்பல் யாரையும் இறக்கவே கூடாது. ஈக்வடார் நாட்டின் கலாபகஸ் தீவுகளில் பயணிகள் கப்பலுக்கே உச்சவரம்பு 100, கரையில் ஒரு வழிகாட்டிக்கு 16 பேர். வட துருவத்துக்கு அருகே உள்ள நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுகளின் பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் இறக்கும் கப்பல்களுக்கு 2025 முதல் 200 பேர் வரம்பு. அனுபவப்பட்ட பயணி கப்பலைத் தேர்ந்தெடுக்கும்போது போடும் கணக்கும் இதுவே. 95 பேர் கப்பலில் எல்லாரும் ஒன்றாக இறங்கிவிடலாம். 190 பேர் என்றால் பாதிப் பேர் கரையில் இருக்க, மீதிப் பேர் படகிலோ கப்பலிலோ முறைக்குக் காத்திருக்க வேண்டும். 400-ஐத் தாண்டினால் இறங்குவதைவிடக் காத்திருப்பதுதான் அதிகம், சொகுசு எவ்வளவு இருந்தாலும். விளம்பரத்தில் எல்லாவற்றுக்கும் 'சிறிய கப்பல்' என்றே போடுகிறார்கள், அதனால்தான் இந்தச் சொல்லில் எனக்கு இவ்வளவு பிடிவாதம்.

எனவே என் பரிந்துரை: குரூஸ் = கடலுலா, எக்ஸ்பெடிஷன் குரூஸ் = கரையிறங்கு கடலுலா. முழங்கால் தண்ணீரில் கால்வைத்து இறங்குவது ஈர இறக்கம், பாறையிலோ படித்துறையிலோ இறங்குவது உலர் இறக்கம். முட்டிவலிக்காரர்கள் முன்பதிவுக்கு முன்பே கேட்டுக்கொள்ள வேண்டியது இது. இறங்காமல் பனிக்கட்டிகளுக்கு நடுவே படகிலேயே சுற்றினால் படகுலா.

அப்புறம் ஐட்டினரரி, அதாவது எந்த நாளில் எங்கே என்ற பட்டியல். கையேட்டின் முதல் வரைவில் 'நிகழ்ச்சி நிரல்' என்று இருக்கிறது, தயவுசெய்து எடுத்துவிடுங்கள். துருவப் பகுதியில் காற்றையும் பனியையும் பார்த்துக் கப்பல் தலைவரும் பயணக் குழுத் தலைவரும் நாளைக்கு எங்கே என்று இன்றைக்கு முடிவெடுப்பார்கள், அச்சடித்த பட்டியல் வெறும் உத்தேசம். 'உத்தேச வழி' போதும். கலாபகசில் இது தலைகீழ், தேசியப் பூங்கா நிர்வாகம்தான் எந்தக் கப்பல் எந்த நாளில் எந்தத் தீவில் என்று வகுத்துத் தருகிறது. அங்கே 'நிலைவழி' என்று போடலாம். ஒரே சொல்லை இரண்டுக்கும் வைத்தால், படிப்பவர் அண்டார்க்டிகாவுக்குப் போய்ப் பட்டியலைக் காட்டிச் சண்டை போடுவார்.

இன்னொன்று, கப்பலின் அளவாகக் குறிப்பிடும் கிராஸ் டன்னேஜ் 'மொத்த எடை' இல்லை. டன் என்று பார்த்து எடை என்று எழுதிவிடுகிறோம், அது கப்பலின் மூடிய உள்ளிடத்தின் பருமனிலிருந்து கணக்கிடுகிற அளவு. மொத்தக் கொள்ளளவு என்று போடுங்கள். அதைப் பயணிகள் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது இட விகிதம், நெரிசலை மதிப்பிட உதவும். தனி ஆளாக அறை எடுப்பவரிடம் வாங்கும் மேல்தொகைக்குத் 'தனியறைக் கூடுதல்' சரி, அதில் விவாதம் வேண்டாம்.

---

> கரையிறங்கு கடலுலா

ஐயா, கணக்கெல்லாம் சரி. ஆனால் வட துருவத்தில் கரை ஏது? பிரெஞ்சுக் கப்பல் நிறுவனமான பொனான்டின் 'லெ கொமாந்தான் ஷார்கோ' கப்பல் 2021-லிருந்து ஓடுகிறது, கனத்த பனியை உடைத்துக்கொண்டு துருவம் வரை போகிறது, அங்கே இறக்கிவிடுவது உறைந்த கடலின் மேல். உங்கள் சொல் அதற்குப் பொருந்தாது. வெறுமனே 'இறங்குலா' என்று சுருக்கினால் என்ன? நீளமும் குறையும்.

---

'இறங்குலா' என்றால் எதிலிருந்து, எங்கே என்று கேட்பார்கள். தவிர, பெரிய கப்பல் பயணியும் துறைமுகத்தில் படியிறங்கிக் கடைத்தெருவைச் சுற்றிவிட்டு வருகிறாரே, அதையும் இதையும் பிரிக்கவே சொல் தேடுகிறோம், அந்த வேலையைச் செய்வது 'கரை' என்ற பகுதிதான். அதே ஷார்கோ கிரீன்லாந்துக்கும் அண்டார்க்டிகாவுக்கும் போகும்போது கரையில்தான் இறக்குகிறது. வட துருவத்துக்கு மட்டும் 'பனியிறக்கம்' என்று தனியாகப் போட்டுக்கொள்ளலாம், கையேட்டில் அதற்கென ஒரு பத்தி எப்படியும் வேண்டும்.

நீளம் என்ற குறை உண்மைதான். தலைப்பில் முழுதாகப் போட்டுவிட்டு உள்ளே 'உலா' என்று சுருக்கி எழுதினால் படிக்க இடறாது.

மீதி இருப்பது மெடிக்கல் இவாகுவேஷன், நோயாளியைக் கப்பலிலிருந்து மருத்துவமனைக்குக் கொண்டுபோவது. காப்பீட்டுப் பகுதியில் 'மருத்துவ வெளியேற்றம்' என்று இருக்கிறது, ஏதோ நோயாளியைக் கப்பலிலிருந்து விரட்டுவதுபோல. இப்போதைக்கு 'மருத்துவ மீட்பு' என்று மாற்றியிருக்கிறேன், இதைவிட நல்லது இருந்தால் எழுதுங்கள்.