தாவெரெட் தாயத்து: இருந்தவர்களுக்கா, இறந்தவர்களுக்கா?

தாரகை எழுதியது:
ஒரு அருங்காட்சியகத்தின் எகிப்துக் கூடத்தில் கட்டைவிரல் அளவு நீலப்பச்சை உருவம் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தேன். நீர்யானைத் தலை, பிதுங்கிய வயிறு, தொங்கும் மார்பு, சிங்கத்தின் கால்கள், முதுகோடு இறங்கும் முதலை வால். தாவெரெட்! 'பெரியவள்' என்பது அந்தப் பெயரின் பொருள். கர்ப்பிணியையும் பச்சைக் குழந்தையையும் காக்கிற தெய்வம். கயிறு கோக்க முதுகில் ஒரு துளையும் இருக்கிறது. கீழே அட்டையில் 'ஈமப்பொருள்' என்று மட்டும் போட்டிருந்தார்கள். எனக்கு மனசே ஆறவில்லை. பிள்ளை நல்லபடியாகப் பிறக்க வேண்டும் என்று ஒருத்தி கழுத்தில் கட்டிக்கொண்டதைப் பிணத்துக்குப் போட்ட நகையாக்கிவிட்டார்கள். அந்த அட்டை தவறு என்கிறேன்.

மண்வெட்டி எழுதியது:
அவ்வளவு சுலபமாகத் தவறு என்று சொல்லிவிட முடியாது, தாரகை. எகிப்தியத் தாயத்துகளில் நமக்குக் கிடைத்தவை பெரும்பாலும் கல்லறைகளிலிருந்து வந்தவை. துட்டன்காமனின் உடலைச் சுற்றிய துணிக்குள் மட்டும் 143 பொருள்கள் இருந்தன. பிற்கால மம்மிகளில் எந்தத் தாயத்து உடலின் எந்த இடத்தில் என்று வரிசையே உண்டு. 'இறந்தோர் நூல்' எனப்படும் மந்திரத் தொகுப்பு, செந்நிற ஜாஸ்பர் கல்லில் ஐசிஸ் என்ற பெண் தெய்வத்தின் சின்னமான முடிச்சைச் செய்து இறந்தவர் கழுத்தில் வைக்கச் சொல்கிறது. ஒரு பொருள் எங்கே கிடைத்ததோ அங்கிருந்துதான் பேச்சைத் தொடங்க வேண்டும். அது யார் கழுத்தில் தொங்கியிருந்தால் நமக்கு நெகிழ்ச்சியாக இருக்கும் என்பதிலிருந்து தொடங்கக் கூடாது.

தாரகை எழுதியது:
சரி, கிடைத்த இடத்திலிருந்தே பேசுவோம். கல்லறைகள் பாலைவன ஓரத்தில், வறண்ட மண்ணில் இருக்கின்றன. வீடுகள் நைல் கரை ஈரத்தில், சுடாத மண் செங்கல்லில் கட்டியவை. வெள்ளம் கரைத்தது, மிச்சத்தின் மேல் இன்றைய ஊர்களும் வயல்களும் உட்கார்ந்திருக்கின்றன. அதனால் கல்லறைப் பொருள் தப்பியது, வீட்டுப் பொருள் போனது. கல்லறையில் அதிகம் கிடைப்பது எது பிழைத்தது என்பதைத்தான் காட்டுகிறது. எது எதற்காகச் செய்யப்பட்டது என்பதை அது சொல்லாது.

ஊரே தப்பிய இடத்துக்குப் போங்கள். அமர்னா, எகிப்து அரசன் அக்கெனாத்தன் கட்டிய தலைநகரம். 1891-92இல் தொல்லியலாளர் பெட்ரி தோண்டியபோது, தாயத்து செய்கிற ஃபயான்ஸ் கலவைக்கான அச்சுகள் ஆயிரக்கணக்கில் வந்தன. ஃபயான்ஸ் என்றால் பொடித்த படிகக்கல், கொஞ்சம் சுண்ணாம்பு, உவர்ப்பொருள், நிறத்துக்குச் செம்பு. பிசைந்து சுட்ட மண் அச்சில் அழுத்தி எடுத்துச் சூளையில் வைத்தால் தானாகவே மேலே பளபளப்பு ஏறும். சூரியத் தட்டான ஆத்தென் ஒன்றே தெய்வம் என்று அரசன், பழைய பெருந்தெய்வமான ஆமுனின் பெயரைக் கல்லிலிருந்து செதுக்கி எறிந்துகொண்டிருந்த அதே ஊரில், வீட்டைக் காக்கும் குள்ளத் தெய்வம் பெஸ்ஸும் தாவெரெட்டும் வீட்டு ஜனங்களிடம் இருந்தார்கள். ஒரு வீட்டில் மாடிப்படிக்குக் கீழே சிறிய கல் ஒன்று கிடைத்தது. ஒரு பெண்ணும் குழந்தையும் தாவெரெட்டை வணங்குகிற காட்சி. பக்கத்தில் ஒரு பெண் பொம்மையும் இரண்டு சின்னக் கட்டில் உருவங்களும். இதில் சாவு எங்கே இருக்கிறது?

மண்வெட்டி எழுதியது:
அமர்னாவை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது கி.மு. 14ஆம் நூற்றாண்டு, சுமார் 20 ஆண்டுகள் வாழ்ந்து கைவிடப்பட்ட ஊர். அதை வைத்து ஆயிரம் ஆண்டுகளுக்கும் தீர்ப்பு எழுத முடியாது. தவிர, ஆனி என்பவருக்காக எழுதிய இறந்தோர் நூல் சுருளான ஆனி பாப்பிரஸின் கடைசிப் படத்தைப் பாருங்கள். மேற்கு மலையிலிருந்து ஹாத்தோர் என்ற தெய்வம் பசுவாக வெளியே வருகிறாள், அவளுக்கு முன்னால் நீர்யானைத் தெய்வம் நிற்கிறது. இறந்தவனை வரவேற்கிற இடம் அது. இந்தத் தெய்வத்துக்குக் கல்லறையில் வேலையில்லை என்பது போல் நீங்கள் எழுதுவதைத்தான் நான் மறுக்கிறேன்.

இளவேனில் எழுதியது:
இடையில் ஒரு சந்தேகம். பிள்ளைப்பேறு காக்க இவ்வளவு பயங்கரமான உருவம் எதற்கு? அழகான தாய்த் தெய்வங்களுக்கு எகிப்தில் பஞ்சமில்லையே.

தாரகை எழுதியது:
இளவேனில், குட்டியோடு இருக்கிற பெண் நீர்யானையின் பக்கத்தில் யாராலும் போக முடியாது. நைலில் படகு ஓட்டியவர்களுக்கு அது கண்ணால் கண்ட விஷயம். ஆண் நீர்யானையோ குழப்பத்தின் தெய்வமான சேத்தின் உருவம். எட்ஃபு கோயில் சுவரில் சேத்தின் எதிரியான ஹோரஸ் தெய்வம் அதை ஈட்டியால் குத்துகிறான். ஒரே மிருகத்தில் அழிப்பவனையும் காப்பவளையும் பார்த்திருக்கிறார்கள். அந்த முகம் தாயைப் பார்த்துப் பல்லைக் காட்டவில்லை, குழந்தையைத் தேடி வருகிற பேயைப் பார்த்துக் காட்டுகிறது. அப்போது பெண்கள் செங்கல் மேல் குந்திப் பிள்ளை பெற்றார்கள். ஓவியம் தீட்டிய அப்படி ஒரு பேற்றுச் செங்கல் 2001இல் அபிடோஸில் கிடைத்தது. அந்த நேரத்தில் பக்கத்தில் நிற்க வேண்டியவள் அழகியாக இருந்து என்ன பயன்?

மண்வெட்டி, உங்களுக்கு இன்னொன்று. அமர்னாவுக்குப் பல நூற்றாண்டுகள் முந்தைய, 'மத்திய இராச்சியம்' எனப்படும் காலத்துத் தந்தக் கோல்கள். நீர்யானைத் தந்தத்தைப் பிளந்து, கத்தியும் கையுமாக நிற்கும் காவல் உருவங்களைச் செதுக்கியவை. நீர்யானைத் தெய்வமும் அவற்றில் உண்டு. சிலவற்றில் இந்தத் தாய், இந்தக் குழந்தை என்று பெயர் சொல்லிக் காவல் உறுதி எழுதியிருக்கிறது. பல கோல்கள் கல்லறையில்தான் கிடைத்தன. ஆனால் சிலவற்றின் முனை தேய்ந்திருக்கிறது, உடைந்ததை ஒட்டியும் வைத்திருக்கிறார்கள். பிணத்துக்கென்றே செய்தது தேயுமா?

மண்வெட்டி எழுதியது:
தேயாது. இந்த வாதத்துக்கு என்னிடம் மறுப்பு இல்லை. பழகிய பொருளே பிறகு கல்லறைக்குள் போகும் என்பதை ஏற்கிறேன்.

ஆனால் இது உங்களுக்கும் பொருந்தும். கோலில் தேய்மானம் இருக்கிறது, அமர்னா தாயத்துக்கு வீடு இருக்கிறது. நீங்கள் பார்த்த உருவத்துக்கு என்ன இருக்கிறது? அருங்காட்சியகங்களில் உள்ள சிறு தாயத்துகளில் எத்தனையோ வியாபாரிகளிடம் வாங்கியவை. எந்த ஊர், எந்தக் குழி என்ற பதிவே கிடையாது. 'ஈமப்பொருள்' என்று எழுத அவர்களுக்கு ஆதாரம் இல்லையென்றால், 'கர்ப்பிணி கட்டியது' என்று சொல்ல உங்களுக்கும் இல்லை.

தாரகை எழுதியது:
நியாயம்தான். கர்ப்பிணி என்று நான் அடித்துச் சொன்னது அதிகப்படி, திரும்பப் பெறுகிறேன். ஆனி படத்தையும் ஏற்கிறேன். இறந்தவன் மறுபடி பிறக்க வேண்டும் என்பதால்தானே பேறுகாலத் தெய்வத்தையே அங்கேயும் கூப்பிட்டார்கள்? அந்த வேலை பிரசவ அறையில் தொடங்கியது. அதை மறைக்கிற எந்த அட்டையும் பாதி உண்மைதான்.

மண்வெட்டி எழுதியது:
அப்படியானால் அட்டையில் எழுத வேண்டியது இது: 'தாவெரெட், ஃபயான்ஸ். தாயையும் குழந்தையையும் காக்கும் தெய்வம். உயிரோடு இருந்தவர்களும் அணிந்தார்கள், இறந்தவர்களோடும் வைத்தார்கள். கிடைத்த இடம் பதிவாகவில்லை.'

தாரகை எழுதியது:
இதை அப்படியே எழுதி அருங்காட்சியகத்துக்கு அனுப்புகிறேன். துளையின் ஓரம் தேய்ந்திருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பார்க்கச் சொல்லியும் கேட்கிறேன்.