தென்னிந்திய ரயில்வே கம்பெனி நாகையை வாழ வைத்ததா, கைவிட்டதா?

நாகைக்காரன்:
பொன்மலைப் பேரன் நேற்று, "கம்பெனி இல்லாவிட்டால் டெல்டாவுக்கு ரயிலே கிடையாது" என்று எழுதியிருந்தார். அதை என்னால் ஏற்க முடியவில்லை. கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா கம்பெனி 1861-இல் நாகையிலிருந்து தஞ்சாவூருக்கும், அடுத்த ஆண்டு திருச்சிக்கும் ரயில் விட்டது. தண்டவாள இடைவெளி அதிகமுள்ள அகலப்பாதை, சுமார் 125 கி.மீ. 1874-இல் அது கர்நாடிக் ரயில்வேயோடு சேர்ந்து தென்னிந்திய ரயில்வே ஆனது. அதன் பிறகு அதே பாதையைப் பெயர்த்து, ஒரு மீட்டர் இடைவெளி கொண்ட மீட்டர் பாதையாகக் குறுக்கினார்கள். 1920களின் கடைசியில் நாகையிலிருந்த ரயில் பட்டறையும் திருச்சிப் பொன்மலைக்குப் போய்விட்டது. ஊரில் மிச்சம் என்ன?

பொன்மலைப் பேரன்:
மீட்டர் பாதை கம்பெனியின் சூழ்ச்சி இல்லை. வைஸ்ராய் மேயோ பிரபு காலத்தில், 1870-இல், செலவைக் குறைக்க அரசாங்கம் எடுத்த முடிவு அது. தெற்கே மதுரை, தூத்துக்குடி வரை அந்த அளவில் பாதை போட்டு, நாகைப் பாதையை மட்டும் அகலமாக விட்டால் திருச்சியில் மூட்டைகளை இறக்கி ஏற்ற வேண்டியிருக்கும். ஒரே அளவாக வைத்தது சரியான முடிவு.

அப்புறம், என் தாத்தா நாகைப் பட்டறையிலிருந்து பொன்மலைக்கு மாற்றலாகி வந்த ஃபிட்டர். அவர் கற்ற தொழில்தான் எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறைக்குச் சோறு போட்டது.

நாகைக்காரன்:
உங்கள் தாத்தாவின் உழைப்பை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அது அவர் கைத்திறமை. அதைக் கம்பெனியின் கணக்கில் ஏன் வரவு வைக்கிறீர்கள்? 1928-இல் ஆட்குறைப்பை எதிர்த்து இதே தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதில் தொழிற்சங்கத் தலைவர் சிங்காரவேலர் சிறைக்குப் போனார். கம்பெனி போட்ட முதலுக்கு 5 சதவீத வட்டியை அரசு உறுதி செய்திருந்தது. வருமானம் குறைந்தால் இந்திய வரிப்பணத்திலிருந்து ஈடுகட்டினார்கள். நட்டம் நமக்கு, லாபம் லண்டனுக்கு.

காவிரிக்கரை:
இரண்டு பேரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். 1894-இல் வந்த மாயவரம் (இன்றைய மயிலாடுதுறை)–முத்துப்பேட்டை பாதை கம்பெனியின் பணமே இல்லை. தஞ்சாவூர் ஜில்லா போர்டு நிலத்தின் மேல் வரி போட்டு அமைத்தது. கம்பெனி வண்டி ஓட்டியது, அவ்வளவுதான். டெல்டா விவசாயி தன் ரயிலைத் தானே போட்டுக்கொண்டான். 'கம்பெனி இல்லாவிட்டால்' என்ற பேச்சு அங்கேயே அடிபடுகிறது.

பொன்மலைப் பேரன்:
ஜில்லா போர்டு பாதை போடலாம். அதை மாயவரத்தில் எதோடு இணைப்பது? கம்பெனியின் பெரிய பாதை இல்லையென்றால் அது முத்துப்பேட்டையோடு நின்றிருக்கும். தாது வருஷப் பஞ்சத்தில் (1876–78) துறைமுகத்தில் இறங்கிய அரிசி உள்நாட்டு ஊர்களுக்கு எதில் போனது? மாட்டு வண்டியை நம்பியிருந்தால் இன்னும் எத்தனை பேர் செத்திருப்பார்கள்?

நாகைக்காரன்:
விலை கூடிய இடத்துக்கு வியாபாரிகள் தானியத்தை அள்ளிப் போனதும் அதே ரயிலில்தான். தண்டவாளத்துக்கு இரக்கம் கிடையாது. பாசனப் பொறியாளர் ஆர்தர் காட்டன், ரயிலுக்குக் கொட்டும் பணத்தை வாய்க்காலுக்குப் போடுங்கள் என்று கடைசி வரை வாதாடினார். கல்லணையையும் கொள்ளிடத்தையும் அறிந்த மனிதர் அவர். அவர் பேச்சைக் கேட்டிருந்தால் பயிர் காய்ந்திருக்காது, அரிசியை ஏற்றி அனுப்பும் தேவையும் குறைந்திருக்கும்.

பொன்மலைப் பேரன்:
காட்டன் சொன்னது காவிரி ஓடும் ஊருக்குச் சரி. வறண்ட ராமநாதபுரத்துக்கு எந்த ஆற்றிலிருந்து வாய்க்கால் வெட்டுவீர்கள்?